போனை எடுத்தால் முடிந்துவிடும் கதை

கல்யாணப் பந்தியில் உட்காரும்போது நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்வேன். சொல்லிவிட்டால் போச்சு. சாம்பார் வருவதற்குள் அடுத்து என்ன நடக்கும் என்று கேட்பார்கள். மோர் வருவதற்குள் திட்டி முடித்திருப்பார்கள். 14 வருடமாகத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதுகிறேன். ஒரு சீரியல் ஏன் ஓடுகிறது, ஏன் படுத்துவிடுகிறது என்பது பற்றிக் கருத்து இல்லாத குடும்பத்தை இதுவரை நான் சந்தித்ததில்லை.

இத்தனை பேர் சொன்னதில் என்னை அசைத்தது மன்னார்குடிப் பெரியம்மா கேட்ட ஒரே கேள்விதான். ஒரு வளைகாப்பு வீட்டில், கையில் சந்தனத்தோடு, எல்லோர் முன்னாலும் கேட்டார்: “ஏண்டா தம்பி, அந்தப் பொண்ணு போனை எடுத்துப் புருஷன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

அப்போது நான் எழுதிக்கொண்டிருந்த தொடரில் கொழுந்தன் கள்ளக் கையெழுத்துப் போட்டதை நாயகி பார்த்துவிடுகிறாள். கணவன் வெளியூரில். சொன்னால் கதை முடிந்தது. அதனால் முதல் நாள் போனில் சார்ஜ் இல்லை. இரண்டாம் நாள் நாத்தனார் போனை அரிசி டிரம்மில் ஒளித்து வைத்தாள். அப்புறம் அவன் மீட்டிங்கில் இருந்தான். மூன்றாவது வாரம் சிக்னல் கிடைக்கவில்லை. இத்தனையும் என் கைங்கரியம். பெரியம்மாவிடம் “சஸ்பென்ஸ் பெரியம்மா” என்று சமாளித்தேன். “இதுவா சஸ்பென்ஸ்? புத்தி இருக்கிற பொண்ணைப் புத்தி இல்லாதவளா ஆக்கிட்டே” என்றார்.

தொடர்களைப் பற்றிய விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையானதை நான் கேட்டதில்லை. ஆனால் அது மன்னார்குடியிலிருந்து எங்கள் எழுத்து மேசைக்கு வந்து சேர்வதற்கு வழியே இல்லை. பார்வையாளர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்கு வருவது எத்தனை பேர் பார்த்தார்கள் என்கிற ஓர் எண் மட்டும். பார்க் (BARC) இந்தியா என்ற அமைப்பு 2015-லிருந்து இந்தக் கணக்கை எடுக்கிறது. பேச்சுவழக்கில் இன்றும் டிஆர்பிதான். தேர்ந்தெடுத்த சில வீடுகளில் மட்டும் மீட்டர் வைத்திருப்பார்கள். எந்த வீடு என்பது ரகசியம். சேனலின் ஒலியோடு நம் காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு கலந்து வரும். மீட்டர் அதைப் பிடித்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான். அம்மா உட்கார்ந்தால் அம்மாவின் பொத்தான், எழுந்தால் மறுபடியும். 2020-ல் இப்படி 44,000 வீடுகள் இருந்தன. அதே ஆண்டின் மதிப்பீட்டில் நாட்டில் டிவி இருக்கும் வீடுகள் 21 கோடி. வகுத்துப் பார்த்தால் ஒரு மீட்டர் வீடு ஏறத்தாழ 4,800 வீடுகளுக்காகப் பேசுகிறது.

இவ்வளவு கொஞ்சம் வீடுகளில் இவ்வளவு விளம்பரப் பணம் தொங்கும்போது அங்கே கை வைக்க ஆசை வரும். மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட சேனல்களை ஓடவிடச் சொன்னார்கள் என்ற புகாரில் 2020 அக்டோபரில் மும்பை காவல்துறை வழக்குப் பதிந்தது. அதையொட்டிச் செய்திச் சேனல்களின் எண்கள் 2022 மார்ச் வரை வெளியிடப்படவே இல்லை. உங்கள் வீட்டில் மீட்டர் இருந்து, யாராவது “இந்தச் சேனலை ஓட விடுங்க, மாசம் இவ்வளவு தர்றோம்” என்று வந்தால் அது மோசடி. கதவைச் சாத்திவிடுங்கள்.

சரி, அந்த எண்ணில் என்ன இல்லை என்பதுதான் முக்கியம். பிடித்துப் பார்த்தாரா, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாரா என்பது அதில் இல்லை. டிவியை ஓடவிட்டுவிட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்தாரா என்பதும் தெரியாது. “என்ன கண்றாவி சீரியல்” என்று திட்டிக்கொண்டே கடைசி நிமிடம் வரை பார்த்தவரும், ரசித்துப் பார்த்தவரும் அங்கே ஒன்றுதான். விளம்பரம் கொடுக்கிற சோப்புக் கம்பெனிக்கு அது போதும். அந்த நேரத்தில் அவர் டிவி முன்னால் இருந்தார் என்றால் சரி.

உங்கள் பக்கத்தில் பலர் கேட்கும் கேள்வி ஒன்று: “ஊரே திட்டுது, மூணு வாரமா அதே கதையை ஓட்டுறாங்களே, இவங்களுக்குக் காதே கேட்காதா?” கேட்கும், தாமதமாக. ரேட்டிங் கணக்கில் வாரம் சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடியும். எண்கள் அதற்கடுத்த வியாழக்கிழமை வரும். திங்கட்கிழமை ஒளிபரப்பான காட்சியை நீங்கள் வெறுத்தீர்கள் என்றால், அது எங்களுக்குத் தெரிய பத்து நாள் ஆகும். அதற்குள் இன்னும் ஏழெட்டு எபிசோடுகள் எடுத்துக் கையிருப்பில் இருக்கும். நடிகர்களின் கால்ஷீட் வாங்கியாயிற்று, ஷூட்டிங் வீட்டுக்கு வாடகை கட்டியாயிற்று, எடுத்ததைத் தூக்கிப் போட எந்தத் தயாரிப்பாளருக்கும் மனசு வராது. டிராக்கை, அதாவது கதையின் போக்கை, மாற்றினாலும் அது உங்கள் திரைக்கு வர மூன்று வாரம் ஓடிவிடும். எங்கள் வட்டாரத்தில் வியாழக்கிழமை காலையில் யாரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போக மாட்டார்கள் என்று ஒரு கிண்டல் உண்டு.

இன்னொன்று, நாங்கள் கண்ணுக்கு எழுதுவதில்லை, காதுக்கு எழுதுகிறோம். “உன் புருஷன் பிரபாகரன் அந்த மேலத்தெரு வீட்டை உன் கொழுந்தன் சேகர் பேருக்கு எழுதி வச்சிட்டான் காவ்யா!” என்று எந்த வீட்டிலும் மாமியார் பேச மாட்டார். பெயரையும் உறவையும் வசனத்துக்குள் திணிப்பது, அடுப்படியில் நிற்கிறவருக்கு யார் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புரியத்தான். ஒரு செய்தியை மூன்று பாத்திரங்கள் மூன்று முறை சொல்வதும், இடி முழக்கத்தோடு நாலு பேர் முகத்தைக் காட்டுவதும்கூடப் பாதி இதற்காகத்தான். மீதிப் பாதிக்குக் காரணம் நேரம். விதிப்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் விளம்பரங்களுக்குப் போகலாம். அரை மணி நேரத் தொடரில் டைட்டில், முன்கதை போக இருபது நிமிடத்தை ஒட்டித்தான் கதை. அதை வாரம் ஆறு நாள் நிரப்ப வேண்டும். அன்றைக்கு எடுக்கிற காட்சிக்கு அன்று காலைதான் வசனப் பேப்பர் போகும் நாட்களும் உண்டு. உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வரி வரியாகச் சொல்லிக் கொடுப்பார், நடிகர் திருப்பிச் சொல்லுவார். வில்லியாக நடிக்கிறவரை இன்ஸ்டாகிராமில் போய் அசிங்கமாகத் திட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மறுநாள் தன் பாத்திரம் யாருக்கு விஷம் வைக்கப் போகிறது என்பது அவருக்கே தெரியாது.

இனி, பந்தியில் கேட்கும் காரணங்களுக்கு வருகிறேன்.

“ஆளை மாத்தினா சீரியல் போச்சு” என்பார்கள். பாதி உண்மை. ‘இவருக்குப் பதில் இனி இவர்’ என்று ஒரு அட்டை போட்டுவிட்டு நகர்ந்து போகிற வழக்கத்தைத் தமிழ்ப் பார்வையாளர்கள் பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரில் முல்லை பாத்திரத்தில் மூன்று நடிகைகள் வந்தார்கள்; தொடர் 2023 வரை ஓடியது. அது நாலு அண்ணன் தம்பி இருக்கிற வீட்டின் கதை. தூண் ஒன்று மாறினாலும் கூரை நின்றது. ‘எதிர்நீச்சல்’ வேறு மாதிரி. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது உடல்நிலை மோசமாகி இறந்துபோனார். வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். நல்ல எழுத்தாளர், தேர்ந்த நடிகர். ஆனால் அந்தப் பாத்திரத்தை மக்கள் வெறுத்ததே அந்தக் குரலுக்காக, அந்தக் குரலில் இருந்த நக்கலுக்காக. அடுத்த வருடம் ஜூனில் தொடர் முடிந்தது. ஓர் ஆணாதிக்கக்காரரை அவ்வளவு ஆசையாக வெறுக்க இன்னொருவர் கிடைப்பது லேசில்லை.

“அழுகை ஜாஸ்தி” என்பதை நான் நம்புவதில்லை. அழுகை இல்லாத தொடர் என்று எல்லோரும் எடுத்துக்காட்டுகிற ‘மெட்டி ஒலி’யை 2020 ஊரடங்கில் மறுபடி போட்டார்கள். உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து பெண்களைப் பெற்ற அப்பா, மாமியார் கொடுமை, வாரத்துக்கு நாலு நாள் கண்ணீர். ஆனால் ஒவ்வொரு கண்ணீருக்கும் ஒரு கணக்கு இருந்தது. இருபது வருடம் கழித்து மக்களுக்கு நினைவில் தங்கியது அந்தக் கணக்குதான், கண்ணீர் ஆவியாகிவிட்டது.

“இழுக்கிறாங்க” என்பதுதான் பெரிய புகார். தூர்தர்ஷனில் 13 வாரத்தில் ஒரு கதை முடிந்த காலம் இருந்தது. 1999-ல் தொடங்கிய ‘சித்தி’க்கு அப்புறம் தினசரித் தொடர் பழகியது. 2003-ல் ஆரம்பித்த ‘கோலங்கள்’ ஆறு வருடம், 1,500 எபிசோடுகளைத் தாண்டி ஓடியது. இழுப்பதற்குக் காரணம் எழுத்தாளனுக்குக் கற்பனை வறண்டுவிட்டது என்று நினைக்கிறீர்கள். வறட்சி உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் உண்மையான காரணம் வெற்றி. புதுத் தொடரை மக்கள் மனதில் பதிய வைக்க மாதக்கணக்கில் செலவு. பதிந்த தொடரை முடித்துவிட்டு அதே நேரத்தில் இன்னொன்றைப் போட்டால் பாதிப் பேர் அடுத்த சேனலுக்குப் போய்விடலாம். அதனால் ஓடுகிற தொடரை யாரும் முடிக்க விடுவதில்லை. கதை மூன்றாம் மாதமே முடிந்துபோயிருந்தாலும், மூன்றாம் வருடம் வரை முடிச்சை அவிழ்க்காமல் பார்த்துக்கொள்வதே எங்கள் வேலையாகிவிடுகிறது.

‘பாரதி கண்ணம்மா’வை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனுக்கு மனைவி மேல் சந்தேகம், குழந்தை தன்னுடையதா என்று. அவர் ஒரு டாக்டர். தமிழ்நாட்டில் சீரியல் பார்க்காத ஆண்கள்கூட மீம் போட்டுக் கேட்டார்கள்: ஒரு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தால் என்ன? அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்ததைக் கிண்டல் செய்யாத கல்லூரி இல்லை. அந்த டெஸ்ட் வர வருடக்கணக்கானது. அதற்குள் அந்தத் தொடர் தன் சேனலின் முன்னணித் தொடர்களில் ஒன்றாகவும் இருந்தது. கேலி செய்தவர்கள் பொய் சொல்லவில்லை. தவறவிடாமல் பார்த்தவர்களும் பொய் சொல்லவில்லை. நிறைய வீடுகளில் அது ஒரே ஆள்.

நான் இந்தத் தொழிலுக்குள் இருந்து பார்த்தது இதுதான்: பார்வையாளர் இழுவையை மன்னிப்பார், அட்டை செட்டை மன்னிப்பார், ஆள் மாற்றத்தையும் மன்னிப்பார். தான் நம்பிய பாத்திரத்தைக் கதைக்காக முட்டாளாக்கினால் மட்டும் ஒரு கணக்கு எழுதி வைத்துக்கொள்வார். உடனே விலக மாட்டார், பழக்கம் விடாது. பக்கத்துச் சேனலில் அதே நேரத்தில் சுமாராக ஒன்று வந்தாலும், அன்றைக்குத் தீர்த்துவிடுவார். அந்த வியாழக்கிழமை எண் சரியும்போது நாங்கள் ‘போட்டித் தொடரில் கல்யாண டிராக்’ என்று காரணம் சொல்லிக்கொள்வோம். நோய் ஆறு மாதத்துக்கு முன்னால் அரிசி டிரம்மில் தொடங்கியது என்பது யார் குறிப்பிலும் இருக்காது.

அதனால், பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஓடவிட்டுத் திட்டாதீர்கள். திட்டுவதற்காகவே அந்தக் காட்சியின் துண்டு வீடியோவைப் பத்துப் பேருக்கு அனுப்புவதும் வேண்டாம். பார்வை எண்ணிக்கையைக் காட்டி, “இந்த டிராக் வைரல், இன்னும் ரெண்டு வாரம் போகலாம்” என்று சொல்கிற கூட்டத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பிடித்த காட்சி வந்தால் அதை அனுப்புங்கள். நல்ல காட்சிக்கு அப்படி யாரும் செய்வதில்லை என்பது என் பழைய வருத்தம்.

என் தொடருக்கும் ஒரு வியாழக்கிழமை வந்தது. இரண்டு வாரத்தில் முடியுங்கள் என்று சேனலிலிருந்து தகவல். செட்டில் எல்லோரும் சோர்ந்துபோனார்கள். பாதிப் பேருக்கு அடுத்த மாத வாடகைக் கவலை. எனக்கும்தான். ஆனாலும் அன்று ராத்திரி எழுதிய முதல் காட்சியிலேயே நாயகி அரிசி டிரம்முக்குள் கைவிட்டாள், போனை எடுத்தாள், கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றரைப் பக்கம். அந்தப் பன்னிரண்டு எபிசோடுகளிலும் எல்லோரும் மனிதர்களைப் போலப் பேசினார்கள். அவ்வளவு வேகமாக நான் எழுதியதே இல்லை.

பெரியம்மா போன் செய்தார். நடுவில் விட்டுவிட்டவர், பக்கத்து வீட்டுக்காரி சொல்லிக் கடைசி வாரம் மட்டும் பார்த்திருக்கிறார். “இதை அப்பவே செஞ்சிருக்கலாம்ல?” என்றார். இப்போது வேறொரு தொடர் பார்க்கிறாராம், என்னுடையது இல்லை. அதில் நாயகி இரண்டு மாதமாகக் கோமாவில் கிடக்கிறாளாம். அதுவும் இழுவைதானே பெரியம்மா என்றேன்.

“அவளால போனை எடுக்க முடியாதுல்ல. அது நியாயம்” என்றார்.