ஒரு ஜிபி என்ன விலை என்று இனி என்னிடம் கேட்காதீர்கள்

விடுமுறைக்கு வந்திருந்த மாணவர் ஒருவர் சென்ற மாதம் தன் மடிக்கணினியை என் மேசைமேல் திறந்து வைத்தார். செல்பேசி டேட்டா கட்டணங்களின் அட்டவணை ஒன்று: பன்னிரண்டு நாடுகள், ஒன்பது பத்திகள். மலிவானவற்றுக்குப் பச்சை, விலை கூடியவற்றுக்குச் சிவப்பு. அத்தனைக்கும் ஒரே அளவுகோல்: ஒரு ஜிபிக்கு எத்தனை டாலர். படிக்கப் போன நாட்டில் பச்சை நிறத்தில் இருந்த நிறுவனத்தைப் பார்த்து, இரண்டாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். குடியிருப்பதோ தரைமட்டத்துக்குக் கீழே ஓர் அறையில். வாசற்படியில் நின்றால் பேசலாம், கட்டிலில் உட்கார்ந்தால் சிக்னல் கிடையாது. பனி கொட்டும் இரவிலும் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துதான் அம்மாவோடு பேசுகிறார்.

"பட்டியலில் இதுதான் சார் மலிவு" என்றார். இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பதினாறு ஆண்டுகளில் பாதி, காரில் கருவியை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக டவர் சிக்னலை அளந்தேன். மீதிப் பாதி, வெளிநாட்டிலும் நம் சிம்மையே பயன்படுத்தியதற்கு வரும் ரோமிங் பில் தகராறுகளைப் பிரித்துப் பார்ப்பதில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த உரிமையில் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்த ஜிபி கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். பிரிட்டனைச் சேர்ந்த கேபிள் என்ற விலை ஒப்பீட்டு இணையதளம் 2019இல் ஒரு பட்டியல் வெளியிட்டது. இந்தியாவில் ஒரு ஜிபி 0.26 டாலர், உலகச் சராசரி 8.53 டாலர், ஜிம்பாப்வேயில் 75.20 டாலர். அன்று தொடங்கிய வினை. ஜிம்பாப்வே மக்கள் ஒரு படம் பார்க்கச் சொத்தை விற்கிறார்கள் என்கிற அளவுக்கு வாட்ஸ்அப்பில் சுற்றியது. அந்நாட்டு நாணயம் காகிதத்தில் அமெரிக்க டாலருக்கு நிகர் என்று சொல்லப்பட்டு, கடைத்தெருவில் அதைவிடக் குறைவாகவே விலைபோன காலம் அது. காகித மதிப்பை வைத்துப் பெருக்கினால் 75 டாலர் வராமல் என்ன செய்யும்? இதையாவது கடைக்கோடி உதாரணம் என்று தள்ளிவிடலாம். நம் வீட்டுக் கணக்கிலேயே இருக்கும் ஓட்டையைப் பாருங்கள்.

ஒரு பிளான் 100 காசு என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1.5 ஜிபி, 28 நாள். மொத்தம் 42 ஜிபி, ஆக ஜிபிக்கு இரண்டரைக் காசுகூட இல்லை. வேறொரு நாட்டில் இன்னொரு பிளான் 60 காசு, மாதம் முழுவதற்கும் சேர்த்து 5 ஜிபி. ஜிபிக்கு 12 காசு. அட்டவணையில் முதலாவது பச்சை, இரண்டாவது சிவப்பு. ஆனால் மாதம் 4 ஜிபிதான் உங்கள் செலவு என்றால்? முதலாவதில் நீங்கள் பயன்படுத்திய ஒவ்வொரு ஜிபிக்கும் 25 காசு கொடுத்திருக்கிறீர்கள், இரண்டாவதில் 15 காசு. மிச்சம் 38 ஜிபி எங்கே என்று கேட்டால், தினமும் நள்ளிரவில் காலாவதியாகிப் போய்விட்டது. ஊருக்கே பந்தி போடுகிற அளவு சோறு வடித்துவிட்டு, ஒரு பிடி சோறு இன்ன விலை என்று பெருமை பேசுவதைப் போன்றது இது. சாப்பிட்டது ஒரு தட்டு.

இதன் மறுபக்கமும் உண்டு. பயண நாளன்று வரைபடம், காணொளி அழைப்பு, டிக்கெட் என்று ஒரே நாளில் 3 ஜிபி வேண்டியிருக்கும். நாள் கணக்குப் பிளான் உச்சிவேளையிலேயே தீர்ந்து, வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். 2 எம்பி அளவுள்ள ஒரு படத்தை அனுப்ப அந்த வேகத்தில் நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். விளம்பரத்தில் இதற்குப் பெயர் 'வரம்பற்ற டேட்டா'. பொய் இல்லை, வரம்பில்லைதான். நடைதான் நத்தை.

அடுத்து 'மாதம்' என்ற சொல். 28 நாள் பிளான் என்றால் ஆண்டுக்குப் பதின்மூன்று ரீசார்ஜ். பன்னிரண்டு மாதங்கள் இருக்கும் காலண்டரில் பதின்மூன்றாவது கட்டணம் சத்தமில்லாமல் நுழைகிறது. இத்தாலியில் இந்த நான்கு வாரக் கணக்கை ஒழிக்க 2017இன் இறுதியில் சட்டமே கொண்டுவந்தார்கள். இந்தியாவில் ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் பிளான் ஒன்றும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பிளான் ஒன்றும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. எத்தனை பேர் அதைத் தேடிப் போடுகிறார்கள்? என் வீட்டிலேயே இல்லை.

அமெரிக்க விலையை ஐரோப்பிய விலையோடு வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். ஐரோப்பாவில் கடையில் எழுதியிருக்கும் தொகையில் வரி அடங்கிவிடும். அமெரிக்காவில் பெரும்பாலும் வரியும் இதர கட்டணங்களும் பில்லில்தான் தலைகாட்டும். கொட்டை எழுத்தில் போட்டிருப்பது நான்கு இணைப்புகளை ஒன்றாக எடுக்கும் குடும்பத்துக்கு, ஓர் இணைப்புக்கு ஆகும் விலையாக இருக்கும். தனியாளாகப் போய் நின்றால் அதைவிடக் கணிசமாகக் கூடும். வருமானத்தைச் சேர்க்காத ஒப்பீடும் அரைக் கணக்குதான். அடிப்படை இணையச் சேவைக்கான செலவு ஒரு நாட்டின் தனிநபர் மாத வருமானத்தில் 2 விழுக்காட்டுக்குக் கீழே வர வேண்டும் என்று ஐ.நா.வின் அகலக்கற்றை ஆணையம் 2018இல் இலக்கு வைத்தது. டாலரில் மலிவாகத் தெரியும் நாட்டிலும் கூலிக்காரருக்கு அது பாரமாக இருக்கலாம் என்பதால்தான் அப்படி ஓர் அளவுகோல் தேவைப்பட்டது.

விலை ஏன் நாட்டுக்கு நாடு இவ்வளவு மாறுகிறது என்பதற்குள் நான் போகவில்லை. அலைக்கற்றை ஏலம், நிலப்பரப்பு, எத்தனை பேர் போட்டியில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரிந்தாலும் உங்கள் பில் குறையப்போவதில்லை.

இப்போது சிக்னல். '99 விழுக்காடு கவரேஜ்' என்று போட்டிருந்தால், அது மக்கள்தொகையில் 99 என்று படியுங்கள், நிலத்தில் அல்ல. ஆஸ்திரேலியாவின் பெரிய வலையமைப்பு மக்கள்தொகையில் 99 விழுக்காட்டுக்கு மேல் எட்டுகிறது. நிலப்பரப்பில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். நகரத்தில் குடியிருப்பவருக்கு இது பொருட்டே இல்லை. காரில் நாட்டைச் சுற்றக் கிளம்புபவருக்கு இதுதான் உயிர். நிறுவனங்கள் காட்டும் வண்ண வரைபடமும் பெரும்பாலும் கணினி கணித்தது. நாங்கள் காரில் அளப்பது அந்தக் கணிப்பு சரியா என்று ஆங்காங்கே தொட்டுப் பார்க்கத்தான். அதுவும் தெருவில். உங்கள் படுக்கையறைக்குள் எந்தக் காரும் வந்து அளந்ததில்லை.

திரையில் தெரியும் கோடுகளை வைத்து நிறுவனங்களை எடைபோடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. எத்தனை கோடு காட்டுவது என்பது செல்பேசி தயாரிப்பாளரின் விருப்பம், அதற்குப் பொதுத் தரம் கிடையாது. 2010இல் ஐபோன் 4 விவகாரம் வெடித்தபோது, கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே தவறாக இருந்தது, பல இடங்களில் இரண்டு கோடு கூடுதலாகக் காட்டிவிட்டோம் என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. ஆண்ட்ராய்டு செல்பேசியில் அமைப்புகளுக்குள் போனால் சிம் நிலை என்ற இடத்தில், சிக்னலின் வலிமையைச் சொல்லும் டிபிஎம் என்ற அலகில் ஓர் எண் இருக்கும். எதிர்மறை எண், பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது. 4ஜியில் மைனஸ் 90க்குள் என்றால் நிம்மதி, மைனஸ் 115ஐத் தாண்டினால் அழைப்பு அறுந்துகொண்டே இருக்கும். அந்த மாணவரைப் படிக்கும் ஊருக்குத் திரும்பியதும் அளந்து அனுப்பச் சொன்னேன். வாசலில் மைனஸ் 96. கட்டிலில் மைனஸ் 121. ஒன்பது பத்தி அட்டவணையில் இல்லாத எண்கள் இவை இரண்டும்தான்.

கையெழுத்துப் போட்டபின் அழுது என்ன பயன்? கனடாவின் செல்பேசிச் சேவை விதிகளின்படி, இடையில் முறித்தால் அபராதம் உள்ள ஒப்பந்தங்களுக்குக் குறைந்தது 15 நாள் சோதனைக் காலம் தர வேண்டும். இப்படி ஒரு வாசல் நீங்கள் போகும் நாட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முதல் மாதம் ப்ரீபெய்டு சிம் போட்டு, இரவு எட்டு மணிக்கு, எல்லோரும் படம் பார்க்கும் நேரத்தில், அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சோதியுங்கள். கடைக்காரர் கடை வாசலில் காட்டும் வேகம் கடை வாசலுக்கு மட்டும்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் பணமும் எரிச்சலும். இனிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது.

'4ஜி போன்தான், எங்கே போனாலும் வேலை செய்யும்' என்ற நம்பிக்கை. டேட்டா ஓடும், சரி. குரல்? பழைய 4ஜி செல்பேசிகள் பல, அழைப்பு வந்ததும் ரகசியமாக 3ஜிக்கு இறங்கித்தான் பேசுகின்றன. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022இல் 3ஜியை மூடிவிட்டன. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் என்ற இரு நிறுவனங்களும் 2024 அக்டோபர் 28 அன்று மூடத் தொடங்கின. அங்கே இன்னொரு விதியும் உண்டு: அவசர எண் 000ஐ அழைக்க இயலாத செல்பேசிக்கு நிறுவனங்கள் சேவையே தரக் கூடாது. வெளிநாட்டில் வாங்கிய செல்பேசிகள் இதில் நிறையவே சிக்கின. சாதாரண அழைப்பு 4ஜியில் நன்றாகப் போகும், அவசர அழைப்புக்கு மட்டும் 3ஜியைத் தேடும் மாதிரிகளும் இருக்கின்றன என்பதால், 'நேற்றுகூடப் பேசினேனே' என்பது சான்றாகாது. தயவுசெய்து உங்கள் செல்பேசியின் மாதிரி எண்ணையும், ஒவ்வொரு செல்பேசிக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐயையும் அந்த நாட்டு நிறுவனத்தின் சரிபார்ப்புப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்தினால் ஐஎம்இஐ வந்துவிடும். அரை நிமிட வேலை. அவசர எண்ணை அழைத்துச் சோதிக்காதீர்கள்; அந்தப் பக்கம் யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே ஆம்புலன்ஸ் தேவைப்படும்.

ரோமிங் பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல் உள்நாட்டுக் கட்டணமே ரோமிங்குக்கும் என்ற விதி இருக்கிறது, 2032 வரை நீட்டித்தும் விட்டார்கள். இதைக் கேட்டதும் 'ஐரோப்பா முழுக்க இலவசம்' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள். சுவிட்சர்லாந்து அதில் இல்லை. ஜெர்மனியில் ஏறி இத்தாலியில் இறங்கும் ரயில்கள் சில நடுவில் சுவிட்சர்லாந்தைக் கடக்கின்றன. நீங்கள் தூங்கினாலும் உங்கள் செல்பேசி தூங்காது, படங்களை இணையச் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டே போகும். கப்பலிலும் விமானத்திலும் கிடைக்கும் செயற்கைக்கோள் வழிச் சிக்னலும் இந்த விதிக்குள் வராது. என் மேசைக்கு வந்த பெரிய பில்களில் பாதி கப்பல் பில்கள். ஏறும்போதே ஏரோபிளேன் மோட், அப்புறம் வேண்டுமானால் வைஃபை. இதில் பேச்சுக்கே இடமில்லை.

பயண இ-சிம் (அட்டை இல்லாமல் செல்பேசிக்குள்ளேயே பதிவாகும் சிம்) வாங்குகிறவர்கள், 'இந்த நாட்டு நெட்வொர்க் படுமோசம்' என்று எழுதுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அவற்றில் பல, உங்கள் டேட்டாவை வேறொரு நாட்டுக்குக் கொண்டுபோய் அங்கிருந்துதான் இணையத்தில் விடுகின்றன. தாமதம் அந்தச் சுற்றுப்பாதையால், டவரால் அல்ல. வங்கிச் செயலி திடீரென்று வேறு நாட்டில் இருக்கிறீர்கள் என்று முறைப்பதும் பல நேரம் இதனால்தான். போதாக்குறைக்கு, பெரும்பாலானவற்றில் அழைப்பு எண்ணே இருக்காது.

இரண்டாவது சிம் வைத்திருப்பவர்கள் அது யாருடைய டவரில் ஓடுகிறது என்று பாருங்கள். 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் வலையமைப்பு முடங்கியபோது, அதே குழுமத்தின் ஃபைடோ சிம்மைத் துணைக்கு வைத்திருந்தவர்களுக்கு இரண்டுமே போயின. கடைகளில் டெபிட் கார்டு செல்லவில்லை, சிலரால் அவசர எண் 911ஐக்கூட அழைக்க முடியவில்லை. பெயர் இரண்டு, மரம் ஒன்று.

சொந்த ஊர் எண்ணைச் சாகவிடாதீர்கள். ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வருகிறது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் ஒருநாள் வேறு யாருக்கோ போய்விடும், அதன்பின் உங்கள் வங்கிக் குறுஞ்செய்தியை அவர் படிப்பார். வெளிநாட்டில் குறுஞ்செய்தி பெறுவதற்கு என்ன கட்டணம் என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள்.

பெற்றோரை அழைத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு மட்டும் இதைக் கோபமில்லாமல் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் பழசென்று கொடுத்த செல்பேசிதான் அவர்கள் கையில் இருக்கும், அதன் மாதிரி எண் அவர்களுக்குத் தெரியாது. விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் நாலு முறை அழைக்கிறீர்கள். ஐந்தாவது முறை அழைத்து, அந்த அரை நிமிடச் சோதனையை நீங்களே கூட இருந்து செய்துவிடுங்கள்.