காற்று தூக்காத சோலார் பந்தல்

தோட்டத்துப் பந்தல்மேல் சோலார் பேனல் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, “பந்தல் எடை தாங்குமா?” என்றுதான். 400 வாட் பேனல் ஏறக்குறைய 1.7 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், 21 கிலோ எடை. நான்கு பேனல் போட்டாலும் 84 கிலோதான். நாலு காலும் குறுக்குச் சட்டமும் உள்ள சாதாரண இரும்புப் பந்தலே இதைச் சுமந்துவிடும். பந்தலுக்கு எதிரி காற்று.

கூரையோடு ஒட்டிய பேனலுக்கு அடியில் காற்று நுழைய இடம் குறைவு. பந்தலில் நாலு பக்கமும் திறப்பு. கீழே புகுந்த காற்று மேலே தள்ளும். மணிக்கு 144 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் தரும் அழுத்தம் சுமார் 100 கிலோ எடைக்குச் சமம். நான்கு பேனலின் பரப்பு 7.5 சதுர மீட்டர், ஆக 750 கிலோ இழுப்பு. விளிம்புகளில் இதற்கும் மேலே போகும். 40 செ.மீ. சதுரத்தில் 60 செ.மீ. ஆழக் குழி தோண்டி கான்கிரீட் நிரப்பினால் ஒரு காலுக்கு 230 கிலோ, நாலுக்கும் 920. இது குறைந்தபட்சக் கணக்கு. புயல் அடிக்கும் இடமென்றால் கட்டுமானப் பொறியாளரிடம் கேட்காமல் குழி வெட்டாதீர்கள்.

அட்சரேகை அளவுக்குச் சாய்க்க வேண்டும் என்ற விதி ஏட்டில் சரி. பந்தலில் 15 டிகிரியைத் தாண்டினால் பேனல் பாய்மரமாகிவிடும். உற்பத்தி கொஞ்சம் குறைந்தாலும் அதற்குள் நிறுத்துவதே நல்லது. 10 டிகிரிக்குக் கீழே போனால் மழைநீர் கீழ்ச்சட்டத்தில் தேங்கி அழுக்குக் கோடு படியும்.

மரப்பந்தலா? பூச்சி அரிக்காமலிருக்கத் தாமிர உப்பு ஏற்றிய மரம், பேனலைத் தாங்கும் அலுமினிய ரெயிலை அரித்துவிடும். இடையில் ரப்பர் பட்டை வைத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போடுங்கள். பேனலை ரெயிலோடு பிடிக்கும் கிளாம்ப்பைப் பேனல் நீளத்தின் கால்பங்கு தூரத்தில், தயாரிப்பாளர் குறித்த இடத்திலேயே பிடிக்க வேண்டும். ஓரத்தில் பிடித்தால் நடுப்பகுதி காற்றில் வளைந்து, உள்ளே மின்சாரம் தரும் செல்கள் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும்.

இனி வயரிங். வெயிலில் ஒரு பேனல் 31 வோல்ட், 13 ஆம்பியர் தரும். வீடு 20 மீட்டர் தள்ளியிருக்கிறது, 4 சதுர மி.மீ. கேபிள் என்று வைத்துக்கொள்வோம். நான்கையும் தொடராக, ஒன்றின் பிளஸை அடுத்ததன் மைனஸோடு, இணைத்தால் 124 வோல்ட்டில் வழியிலேயே போவது 2.3 வோல்ட். பிளஸ்களை ஒன்றாகவும் மைனஸ்களை ஒன்றாகவும் சேர்க்கும் பக்க இணைப்பில் 52 ஆம்பியர் ஓடும். 31 வோல்ட்டில் 9 வோல்ட்டைக் கேபிளே தின்றுவிடும், சூடும் ஏறும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தொடர் இணைப்புக்குப் போகவும் முடியாது. எதையும் இணைக்காமல் அளந்தால், செல் 25 டிகிரியில் ஒரு பேனல் 37 வோல்ட் காட்டும், நான்குக்கு 148. குளிர்ந்தால் பேனலின் வோல்ட்டேஜ் ஏறும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.27 சதவீதம். செல் 5 டிகிரியில் இருக்கும் விடியலில் அது 156-ஐத் தொடும். பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் 150 வோல்ட் வரைதான் தாங்கும் என்றால், அது பொசுங்குவது இப்படித்தான். 250 வோல்ட் தாங்குவதை வாங்குங்கள்.

பேனல் வயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரை அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். கட்டிங் பிளேயர் வேண்டாம். ஆண், பெண் இரண்டும் ஒரே தயாரிப்பாக இருக்கட்டும்; பொருந்தாத ஜோடி சூடேறி உருகும். மின்சாரம் ஓடும்போது பிடுங்கவே கூடாது. வீட்டு மின்சாரமான 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் அதன் பொறி தானே அணையும், பேனல் தரும் டி.சி.யின் பொறிக்கு அந்த வாய்ப்பு இல்லை, நின்று எரியும். கழற்றும்போது முதலில் ஏ.சி.யை நிறுத்துங்கள், பிறகு டி.சி.யைத் துண்டிக்கும் சுவிட்சான ஐசொலேட்டரை, கடைசியில்தான் கனெக்டரைப் பிரியுங்கள். கேபிளை மண்வெட்டி எட்டாதபடி 60 செ.மீ. ஆழத்தில், குழாய்க்குள் கொண்டுபோங்கள். பேனல் சட்டத்துக்கும் பந்தலுக்கும் எர்த் கட்டாயம். வீட்டு மெயினில் இணைக்கும் வேலை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுடையது.

சார்ஜ் கன்ட்ரோலரிலோ, டி.சி.யை ஏ.சி.யாக்கும் இன்வெர்ட்டரிலோ செருகும் முன் டி.சி.யில் வைத்த மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். உச்சி வெயிலில் சூடான நான்கு பேனல்கள் 138 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 11, 12 வோல்ட் குறைந்தால் ஏதோ ஒரு பேனலின் பைபாஸ் டையோடு (நிழல் விழுந்த செல்களைச் சுற்றி மின்சாரத்தை அனுப்பும் பாகம்) போய்விட்டது. கழித்தல் குறி வந்தால் பிளஸ், மைனஸ் வயர் மாறியிருக்கிறது.