கரையில் வைத்த கல்

கயாக் என்ற சிறு துடுப்புப் படகை ஓட்டப் பயிற்சி கொடுப்பது என் வேலை. போன ஐப்பசியில் ஏற்காடு மலையிலிருந்து இறங்கிவரும் ஓடை ஒன்றுக்கு நாலு பேரைக் கூட்டிப் போயிருந்தேன். முதல் நாள் பார்த்தபோது இடுப்பளவு தண்ணீர், படகு விட ஏற்ற ஓட்டம். மறுநாள் காலை சேலத்தில் சுள்ளென்று வெயில். மலை உச்சி மட்டும் கறுத்திருந்தது.

படகை இறக்குமுன் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு கல்லை வைத்துப் பார்ப்பேன். அன்று எல்லாரும் லைஃப் ஜாக்கெட் வாரை இறுக்கி முடிப்பதற்குள் கல் முழுகிவிட்டது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தெளிந்த தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி, சருகும் சுள்ளியுமாக அடித்து வந்தது.

"படகை வண்டியில ஏத்துங்க."

"அண்ணா, இவ்வளவு தூரம் வந்துட்டோம், கொஞ்ச தூரமாச்சும் போலாமே?"

அவர்கள் ஏமாற்றம் எனக்குப் புரிந்தது. ஆனால் ஏற்காடு இருப்பது ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில். அங்கே பெய்வது செங்குத்துச் சரிவில் உருண்டு, நாம் வெயிலில் நிற்கும்போதே அடிவாரத்துக்கு வந்துவிடும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்ததையும், திருமணிமுத்தாற்றில் வெள்ளம் போனதையும் சேலத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நாலு மடங்காகும்.

எனக்கு அதிகப் பயம் தடுப்பணைதான். மேலிருந்து வரும்போது தண்ணீரில் ஒரு கோடு மாதிரிதான் தெரியும். விழுந்த நீர் அடியில் சுருண்டு மறுபடி சுவர்ப் பக்கமே திரும்பும். அதில் சிக்கியவரை லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். நல்ல நீச்சல்காரர்களும் அதில் மாண்டிருக்கிறார்கள், காப்பாற்றக் குதித்தவர்களும்தான்.

ஓட்டத்தில் விழுந்துவிட்டால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். கால் பாறை இடுக்கில் மாட்டினால் தண்ணீர் ஆளை முன்னால் சாய்த்து அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, கைகளால் தள்ளிக் கரைப் பக்கம் ஒதுங்குங்கள். எதிரே மரம் விழுந்து கிடந்தால் மட்டும் குப்புறத் திரும்பி, தலை முன்னாக நீந்திப்போய் அதன்மேல் ஏறிவிட வேண்டும்.

அன்று பகல் முழுக்கத் தண்ணீரை விட்டு விலகி, மேட்டில் நின்று மீட்புக் கயிறு வீசப் பழகினோம். கயிற்றை இடுப்பில் கட்டாதே, கையிலும் சுற்றாதே என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். நாலு பேரில் இளையவன் பதினோராவது வீச்சில் சரியாகப் போட்டான்.