பிரிதிறன்: லேசர் பிரிண்டரின் ‘ரெசல்யூஷன்’

ரெசல்யூஷனைத் ‘தீர்மானம்’ என்று பெயர்த்து வைத்திருக்கும் பிரிண்டர் மெனுக்கள் உண்டு. சட்டமன்றத்தில் நிறைவேற்றுவது தீர்மானம். அச்சுத்தாளில் அதற்கு வேலையில்லை.

சொல்லின் வேர் லத்தீனின் ‘சொல்வெரே’: அவிழ்த்தல், தளர்த்தல். ஒட்டிக் கிடப்பதைத் தனித்தனியாக்கும் அந்தப் பொருளையே ஒளியியல் எடுத்துக்கொண்டது. நெருங்கி நிற்கும் இரண்டு விண்மீன்களை இரண்டாகவே காட்டும் தொலைநோக்கிக்குப் பிரிதிறன் கூடுதல். தமிழிலும் மூட்டையைப் பிரிக்கிறோம், நூல் சிக்கைப் பிரிக்கிறோம். இயற்பியல் பாடங்களில் வழங்கும் ‘பிரிதிறன்’ வேர்ப்பொருளோடு அப்படியே பொருந்துகிறது. ‘தெளிதிறன்’ என்பதும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் கறுப்பு அழுத்தமாக விழுந்தாலே பக்கம் தெளிவாகத் தோன்றிவிடும். பிரிதிறன் அதனால் கூடிவிடுவதில்லை.

பிரிண்டர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) பிரிதிறன் அன்று, புள்ளியடர்த்தி. 1984இல் வந்த முதல் ஹெச்பி லேசர்ஜெட்டில் அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது புள்ளிக்குப் புள்ளி 85 மைக்ரான். 600 டிபிஐயில் 42 மைக்ரான். கணக்கு இது, தாளில் நடப்பது வேறு. லேசர் பொட்டு வட்டமானது, தன் கட்டத்தைத் தாண்டி வழியும். லேசர் உருவம் வரையும் டிரம் உருளையிலிருந்து தாளுக்கு மாறும்போது டோனர் என்னும் மைத்தூள் கொஞ்சம் சிதறும், அதை உருக்கி ஒட்டும் ஃப்யூசரின் சூட்டில் நசுங்கிப் பரவும். ஒரு புள்ளி கறுப்பு, ஒரு புள்ளி வெள்ளை என்று 600இல் கோடு போட்டால் இடைவெள்ளை பெரும்பாலும் அடைபட்டுவிடும். சின்ன எழுத்தில் ‘ஞ’, ‘ணை’ ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்வதும் இதனால்தான்.

சாம்பல் நிறம் இன்னொரு வில்லங்கம். கறுப்பு டோனரில் சாம்பல் கிடையாது. புள்ளிகளைக் கட்டங்களாகக் கூட்டி ஏமாற்ற வேண்டும். 8×8 கட்டம் எடுத்தால் 65 நிறச்சாயல் கிடைக்கும், ஆனால் 600 டிபிஐ அங்குலத்துக்கு 75 கட்ட வரிசையாகச் சுருங்கிவிடும். அதனால் புகைப்படத்துக்கு அதன் இரட்டிப்பான 150 பிபிஐ (படக்கோப்பில் அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்) போதும். கோட்டுப் படத்தின் கதை நேரெதிர்: 600 பிபிஐயில், சாம்பல் கலக்காத வெறும் கறுப்பு வெள்ளைக் கோப்பாக, 100% அளவிலேயே அனுப்ப வேண்டும். பக்கத்துக்குள் அடக்கும் ‘ஃபிட் டு பேஜ்’ அதை 97% ஆக்கினாலும் போதும், கோடுகள் ஒன்று தடித்து ஒன்று மெலியும். எழுத்துக்குச் சாம்பல் நிறம் கொடுத்தால் விளிம்பு ரம்பப்பல்லாகும். முழுக் கறுப்பே நல்லது.

டோனர் சேவ் வசதி புள்ளிகளைக் குறைத்துவிடும். நுண்வேலைக்கு அதை அணைத்துவிடுங்கள். வழவழப்பான, ஈரம் ஏறாத தாள் வேண்டும். தடித்த தாள் என்றால் டிரைவரில் தாள் வகையையும் மாற்றுங்கள், இல்லையேல் டோனர் சரியாக ஒட்டாமல் உதிரும். மெல்லிய கோட்டுக்கு 0.25 பாயின்ட் (ஒரு பாயின்ட் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு) வையுங்கள்: 600இல் அது இரண்டு புள்ளி அகலம்.

உங்கள் பிரிண்டரின் உண்மையான பிரிதிறனை அறிய, 1, 2, 3, 4 புள்ளி இடைவெளியில் இணைகோடுகளை நெடுக்கிலும் குறுக்கிலும் அச்சிட்டு, எந்த இடைவெளி வரை அவை தனித்தனியாகத் தெரிகின்றன என்று உருப்பெருக்கியில் பாருங்கள். இரண்டு திசைக்கும் விடை ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.