கோழியைத் தின்றது மூசாங்தானா?

அன்று என் கால்நடை கிளினிக் கதவைத் திறக்கும் முன்பே பெரியவர் ஒருவர் வாசலில் காத்திருந்தார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் பால் வெட்டி ஓய்வுபெற்றவர். கையில் ஓர் அரிசிப் பை. உள்ளே செத்துப்போன பெட்டைக்கோழி.

"மூன்று வாரத்தில் மூன்று கோழி காணாமல் போய்விட்டது, டாக்டர். ஒன்று முனியாண்டி சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல். இது நேற்று ராத்திரி செத்தது. எல்லாம் மூசாங் வேலை. மீன் தலையில் எலி மருந்து கலந்து வைத்திருக்கிறேன்" என்றார். மூசாங் என்று இங்கே சொல்வது புனுகுப்பூனை இனத்து மரநாயை.

அவர் வந்தது கோழிக்காக இல்லை. அந்த மீன் தலையைத் தின்றது அவருடைய நாய். ஐந்தாம் நாள் ஈறில் ரத்தம் கசிய, எழுந்து நிற்க முடியாமல் வேனில் படுத்திருந்தது. கடையில் கிடைக்கும் எலி மருந்துகளில் பல, ரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்பவை. தின்ற அன்று ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துத்தான் உள்ளே ரத்தம் கசியத் தொடங்கும். வைட்டமின் கே ஊசி போட்டு, வாரக்கணக்கில் மாத்திரை கொடுத்து நாயைக் காப்பாற்றினோம். எல்லா நாய்க்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

நாய்க்கு ஊசி போட்ட பிறகு பையில் இருந்த கோழியை எடுத்துப் பார்த்தேன். உடம்பில் கடித்த காயமே இல்லை. அலகிலிருந்து கழுத்துவரை இறகுகள் எண்ணெய் தடவி வாரியதைப் போலப் படிந்து காய்ந்திருந்தன. அதைச் செய்தது மூசாங் இல்லை. சுற்றி நெரித்துக் கொன்று, தலையிலிருந்து விழுங்கத் தொடங்கி, ஏதோ காரணத்தால் பாதியில் கக்கிவிட்டுப் போயிருக்கிறது மலைப்பாம்பு. முன்பு போன கோழிகளும் வாரத்துக்கு ஒன்றாகத்தான் போயிருக்கின்றன. கூட்டில் ஓர் இறகுகூட விழவில்லை என்று அவரே சொன்னார். வயிறு நிறைந்த மலைப்பாம்பு பல நாள் படுத்துக் கிடக்கும். மூசாங்குக்கு அந்தப் பொறுமை கிடையாது. ருசி கண்டால் மறுநாளே வரும்.

கூட்டுக்குப் பின்னால் அடுக்கியிருந்த பழைய தகரங்களுக்கு அடியில் பாம்பு இருந்தது. அவசர எண் 999க்கு அழைத்தார்கள், பொது தற்காப்புப் படையினர் வந்து பிடித்துப் போனார்கள்.

அதனால்தான் கோழி செத்தால் புதைப்பதற்கு முன் ஒரு நிமிடம் உடலைப் பாருங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். தலையும் கழுத்தும் மட்டும் கடிபட்டு, உடல் பெரும்பாலும் அப்படியே கிடந்தால் மூசாங்கைச் சந்தேகிக்கலாம். ஐந்தாறு கோழி கொல்லப்பட்டு, தின்னப்படாமல் முற்றமெங்கும் சிதறிக் கிடந்தால் அது நாய், விளையாட்டுக்குக் கொன்றிருக்கிறது. பெரும்பாலும் அது காட்டு நாயும் இல்லை, பக்கத்து வீட்டு நாய்தான். இதைச் சொல்லும்போது மட்டும் யாரும் என்னை நம்புவதில்லை. ஒரே இடத்தில் இறகு பிய்த்துக் குவிந்திருந்தால் பருந்தோ கழுகோ. முட்டையும் குஞ்சும் பட்டப்பகலில் குறைந்தால் கால்வாய்ப் பக்கம் பாருங்கள். உடும்பு வெயில் ஏறி உடம்பு சூடானதும்தான் வேட்டைக்குக் கிளம்பும். குஞ்சு மட்டும் இரவில் ஒவ்வொன்றாக மறைந்தால் பெரும்பாலும் எலி.

சில சமயம் கொன்றது எந்த விலங்குமே இல்லை. உடும்பு தின்றுவிட்டது என்று கோழியின் பாதி உடலோடு ஒரு அம்மா வந்தார். மீதமிருந்த கோழிகளைப் போய்ப் பார்த்தால் ஒன்றுக்குக் கழுத்து திருகியிருந்தது, இன்னொன்றுக்குப் பச்சையாகக் கழிச்சல். சம்பார் என்று நம் ஊரில் சொல்லும் நியூகாசல் நோய். நோயில் செத்த கோழியைத்தான் உடும்பு இழுத்திருக்கிறது. அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது தடுப்பு மருந்து. அவர் தேடிக்கொண்டிருந்ததோ உடும்பு பிடிக்கும் ஆள். ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கோழி சோர்ந்து செத்தால் கறி வைக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள். ஆழமாகப் புதைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி கூடு. கடையில் மலிவாகக் கிடைக்கும், தேன்கூடு போன்ற கண்களுள்ள கோழிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கும். வெளியே இருந்து வருவதைத் தடுக்காது. நாய் அதைப் பல்லால் கிழிக்கும். எலிக்கும் குட்டிப் பாம்புக்கும் அதன் கண்கள் திறந்த வாசல். கண் அரை அங்குலத்துக்கு மேல் போகாத, பற்றவைத்த கம்பி வலைதான் வேண்டும். விலை கூடுதல்தான். முழுக்கூட்டுக்கும் கட்டுப்படியாகாவிட்டால் கோழி அடையும் பகுதிக்காவது அதைப் போடுங்கள். தரையில் வலையைக் கூட்டிலிருந்து வெளிப்பக்கமாக 30 சென்டிமீட்டர் படுக்கவைத்து மண் போட்டு மூடிவிட்டால், தோண்ட வரும் நாயும் உடும்பும் வலையில் முட்டித் திரும்பும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்காக விடும் இடைவெளியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூசாங் மரமேறி, அது வருவது அந்த வழியாகத்தான். கூரைமேல் சாய்ந்திருக்கும் ரம்புத்தான் கிளையையும் வெட்டிவிடுங்கள்.

கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. அடைந்த இடத்தைவிட்டு நகராது, தப்பி ஓடவும் தெரியாது. எனவே பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு கேட்கும் நேரத்துக்குள் எல்லாக் கோழியும் உள்ளே, கதவு தாழ்ப்பாளோடு. வெறும் கொக்கி போதாது.

மாலையில் மிஞ்சும் தீனியை அள்ளிவிடுவதும் அதே அளவு முக்கியம். சிந்திய தீனிக்கு எலி வருகிறது, எலிக்குப் பின்னால் பாம்பு வருகிறது. செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் குடியிருக்கும் நமக்கு எலிப் பஞ்சம் என்றைக்கும் வந்ததில்லை. புற்றுக்கு முட்டை வைக்கும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. புற்று கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கம்பத்தின்மேல் பெட்டி வைத்துக் கூகை வளர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் கூகையும் செத்துப்போகலாம். நமக்கு இலவசமாக எலி பிடித்துக்கொண்டிருப்பதை நாமே கொல்கிறோம். கண்ணி வைப்பதும் அப்படித்தான். சிக்குவது யாராக இருக்கும் என்று வைப்பவருக்கே தெரியாது. மலைப்பாம்பும் உடும்பும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. உரிமம் இல்லாமல் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். தொல்லை தொடர்ந்தால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் சொல்லுங்கள்.

முட்டை எடுக்க இருட்டில் கையை விடாதீர்கள். எத்தனை முறை சொன்னாலும் போதாது. எலியையும் குஞ்சையும் தேடி நாகம் முட்டைப் பெட்டியில் சுருண்டிருக்கக்கூடும். இங்கே உள்ள கறுப்பு நாகம் கடிக்க வேண்டும் என்பதே இல்லை, நின்ற இடத்திலிருந்தே கண்ணை நோக்கி விஷத்தைப் பீய்ச்சும். பட்டுவிட்டால் கசக்காமல், ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாய்ப்பால் விடுவது, பச்சிலை பிழிவது எல்லாம் வேண்டாம். முதலில் டார்ச் அடியுங்கள், பிறகு குச்சியால் கிளறுங்கள், கை கடைசியில்.

பெரியவர் பிறகு கூட்டைச் சரிசெய்துவிட்டார். மாத்திரைக்காக நாயோடு வந்தபோது, சாமிக்கு நேர்ந்த சேவலுக்கு ஈடாக வேறொன்று வாங்கிவிட்டதாகச் சொன்னார். புது வலை போட்ட கூட்டில்தானே அடைகிறது என்று கேட்டேன்.

"மற்றதெல்லாம் கூட்டில்தான், டாக்டர். அது மட்டும் ஆடி மாதம்வரை சமையலறையில்" என்றார்.