முகம் மாற்றுவது எளிது, பேச வைப்பதுதான் பாடு

பாலக்காடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமுமாகத் திரியும் பையன்கள் புது கேம் ஒன்றைப் போட்டால், முதல் ஒரு மணி நேரம் தாங்கள் ஆடப்போகும் ஆளின் மூக்கு, தாடை, மீசையைச் செதுக்குவதிலேயே போய்விடும். அப்புறம் ஹெல்மெட்டை மாட்டியதும் அத்தனையும் மறைந்துவிடும், அது வேறு கதை.

உள்ளே நடப்பது வெறும் கணக்குதான். கேமில் முகம் என்பது ஆயிரக்கணக்கான புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்த வலை. அதே வலையில் சப்பை மூக்கு ஒன்று, கூர் மூக்கு ஒன்று என்று முன்கூட்டியே செய்து வைத்திருப்பார்கள். மூக்கை மாற்ற இழுக்கும் பட்டையை, அதாவது ஸ்லைடரை, நூற்றுக்கு 30இல் நிறுத்தினால் ஒவ்வொரு புள்ளியும் முதல் மூக்கிலிருந்து இரண்டாவது மூக்கை நோக்கி 30 சதவீத தூரம் நகரும். அவ்வளவுதான். உடலை அசைக்கும் எலும்புக்கூடு எல்லா ஆளுக்கும் பொதுவானது என்பதால் நடை, ஓட்டத்தை ஒருமுறை செய்தால் எல்லா முகத்துக்கும் ஆகும். உயரத்தை மட்டும் பல கேம்கள் தொடவிடாது, கட்டிப்பிடிக்கும் காட்சியில் ஆள் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் நிற்குமே! 2004இல் வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் நாயகன் சிஜே கண்டபடி தின்றால் குண்டாவான், ஜிம்முக்குப் போனால் முறுக்கேறுவான், ஆனால் பெயர், குடும்பம், குரல் எதுவும் மாறாது.

சிக்கல் ஆள் வாயைத் திறக்கும்போதுதான். வசனம் ஸ்டுடியோவில் பதிவானது, நீங்கள் வைக்கும் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. மாஸ் எஃபெக்ட் (2007) இதைச் சமாளித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: முகமும் முதல் பெயரும் உங்கள் இஷ்டம், குடும்பப் பெயர் மட்டும் ஷெப்பர்ட், எல்லோரும் அப்படியே கூப்பிடுவார்கள். ஆணுக்கு மார்க் மீர், பெண்ணுக்கு ஜெனிஃபர் ஹேல் என்று நாயகன் வசனத்தை இரண்டு குரலில் பதிவு செய்தார்கள், செலவை யோசித்துப் பாருங்கள். ஃபால்அவுட் 4இல் (2015) கோட்ஸ்வர்த் என்ற ரோபோ உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்காக நூற்றுக்கணக்கான பெயர்களைத் தனித்தனியாகப் பேசிப் பதிந்தார்கள். பட்டியலில் இல்லாத பெயர் வைத்த ஆண் வெறும் 'சார்'.

அதே ஆண்டு வந்த விட்சர் 3இல் இந்தத் தொல்லை இல்லை. நாயகன் ஜெரால்ட் யார் என்பது முன்பே முடிவானதால் அவன் காதலி யெனிஃபர் அவனோடு பழைய கணக்கை எடுத்துச் சண்டை போடலாம். நீங்கள் நேற்று செய்த ஆளோடு யார் அப்படிச் சண்டை போடுவது? 2023இன் பால்டர்ஸ் கேட் 3இல் நீங்கள் உருவாக்கும் ஆள், உரையாடலில் தேர்ந்தெடுக்கும் வரிகளைச் சத்தமாகச் சொல்வதே இல்லை, சுற்றியிருப்பவர்கள்தான் பேசித் தீர்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அது குறையே இல்லை.