துபாயில் இருந்தே ஓட்டுப் போடலாமா? படிவம் 6ஏ-வில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

முடியாது. ஆன்லைனில் இருப்பது விண்ணப்பம் மட்டும்தான். 2011 முதல் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்கள் படிவம் 6ஏ கொடுத்துப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஓட்டுப் போட ஊருக்கு வந்தாக வேண்டும். "வீட்டிலிருந்தே வாக்களிக்க" என்று வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கில் பாஸ்போர்ட் நகலையோ ஓடிபியையோ கொடுத்துவிடாதீர்கள். voters.eci.gov.in என்ற தேர்தல் ஆணையத்தின் தளத்தில் பெயர் சேர்க்கப் பைசா செலவில்லை.

"பட்டாளத்தில் இருக்கும் மச்சானுக்கு மெயிலில் வருகிறதே?" வருவது வாக்குச்சீட்டு. அதை பிரிண்ட் எடுத்து, குறியிட்டு, தபாலில்தான் திருப்பி அனுப்புகிறார். அதையே வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் தரலாம் என்று 2020-ல் தேர்தல் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. எழுதியதோடு சரி. போனில் ஓட்டு என்பதில் சிக்கலும் உண்டு: எட்டுப் பேர் படுக்கும் தொழிலாளர் கேம்ப் அறையில் பக்கத்தில் யார் நின்று பார்க்கிறார் என்று யார் கண்டது? சாவடியில், யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் விவிபாட் இயந்திரத்தின் கண்ணாடிக்குள் சீட்டு 7 விநாடி தெரிகிறது; போனில் அந்தச் சாட்சி கிடையாது.

இனி 6ஏ. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவருக்கு இது இல்லை; அவர்களுக்குத் தரப்படும் ஓசிஐ (இந்திய வம்சாவளியினர்) அட்டை உதவாது. பாஸ்போர்ட்டில் இருக்கும் இந்திய முகவரிதான் உங்கள் தொகுதி. குடும்பம் வீடு மாறியிருந்தால் பிஎல்ஓ (வீடு வந்து சரிபார்க்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்) பழைய கதவைத் தட்டிவிட்டு "ஆள் இல்லை" என்று எழுதிப் போய்விடுவார். ஆகவே முதலில் பாஸ்போர்ட் முகவரியைச் சரிசெய்யுங்கள். போட்டோ, முகவரிப் பக்கங்களோடு விசாப் பக்க நகலும் சேருங்கள். விசாவை விட்டுவிட்டு அலைபவர்கள் நிறைய. பழைய வாக்காளர் அட்டை இருந்தால் ஒப்படையுங்கள். சாதாரண வாக்காளராகவும் பெயரை வைத்துக்கொண்டு பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைக்கு வழியுண்டு.

பெயர் ஏறியதும் அட்டை வராது. அதற்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வேண்டாம். பட்டியலில் பெயரை உங்கள் பாகத்தின் (உங்கள் வாக்குச்சாவடிக்கான பட்டியலின்) கடைசிப் பிரிவில் தேடுங்கள், தெருவாரியாகத் தேடினால் கிடைக்காது. ஓட்டு நாளன்று அசல் பாஸ்போர்ட் மட்டுமே செல்லும். டிக்கெட் போட்டு வந்து, வரிசையில் நின்று, ஆதாரை நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஊரிலேயே தங்கிவிட்டால் 6ஏ பதிவை நீக்கச் சொல்லி, சாதாரண வாக்காளருக்கான படிவம் 6-ல் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வேட்புமனு கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாவது கொடுத்துவிடுங்கள், அதன்பின் கொடுத்தால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் ஏறுவது சந்தேகம்.